கேளுங்கோ, சொல்லுறன்: சென்சர் பூட்டின பட்டாளம்

போன இதழில, வெளிநாட்டு ராணுவங்கள் தங்கட ட்ரக், ஹெலி, கப்பல் எல்லாத்திலயும் சென்சர் பூட்டி நெட்வேர்க்கில இணைச்சு எது எப்ப பழுதாகும், எந்தச் சாமான் எங்க கிடக்கு எண்டு பாக்கினம் எண்டு ரெண்டு வரி எழுதினன். அதுக்கு இவ்வளவு கேள்வி வரும் எண்டு நினைக்கேல்ல. எங்கட திருகோணமலை காலமை எழும்பிக் கடலைப் பாத்தா நேவிக் கப்பல் தெரியிற ஊர், சனம் கேக்காம விடுமா. கடிதம் போட்ட ஆக்களில சிலருக்கு மட்டும் இந்த முறை பதில், மிச்சம் அடுத்த இதழில.

கேள்வி: சேர், சென்சர் இருந்தா மெசின் பழுதாக முதலே சொல்லும் எண்டு லெக்சரில சொல்லுறாங்கள். உண்மையா நடக்குதா, இல்லாட்டி விக்கிறதுக்குச் சொல்லுற கதையா? (கோணேசபுரி கெம்பஸ் மாணவன்)

ரெண்டும் தான் தம்பி. முதல்ல நல்லதைச் சொல்லுறன். 1986 நவம்பரில ஸ்கொட்லாந்துக்கு வடக்க, எண்ணெய்க் கிணத்தில வேலை செய்யிற ஆக்களை ஏத்திக்கொண்டு வந்த சினூக் எண்ட, மேல ரெண்டு ரோட்டர் (சுத்துற விசிறி) இருக்கிற ஹெலி ஒண்டு ஷெட்லாந்துக்குப் பக்கத்தில கடலில விழுந்து 45 பேர் செத்தவை. காரணம் முன் கியர்பொக்ஸுக்குள்ள ஒரு பல்சக்கரம் உடைஞ்சது, அது உடைய ரெண்டு ரோட்டரும் ஒண்டோட ஒண்டு ஒத்துச் சுத்தாமப் போச்சு. அதுக்குப் பிறகு தான் ஹெலிக்குள்ள அதிர்வை அளக்கிற சென்சர் வைக்கிற ஹம்ஸ் எண்ட சிஸ்டத்தைத் தீவிரமா உருவாக்கி 1991 அளவில பாவனைக்குக் கொண்டு வந்தாங்கள், பேந்து ராணுவ ஹெலிக்கும் போச்சு. பல்லில வெடிப்பு விழுந்தா அந்தக் கியர் சுத்துற அதிர்வில சின்ன மாற்றம் வரும், காதுக்குக் கேக்காது, கம்பியூட்டருக்குத் தெரியும். இது கதை இல்ல, ஆக்களின்ட உயிரைக் காப்பாத்தின வேலை.

ஆனா இதுக்குப் பின்னால ஒரு பழைய சங்கதி இருக்கு, அதை உங்கட லெக்சரில சொல்லுவினமோ தெரியாது. ரெண்டாம் உலகப் போரில பிரிட்டிஷ் விமானப்படையின்ட கரையோரப் பிரிவில வடிங்டன் எண்டு ஒரு உயிரியல் விஞ்ஞானி கணக்குப் பாத்தவர். 50 மணித்தியாலம் பறந்தா விமானத்தைக் கழட்டி செக் பண்ணுறது வழமை. அவர் பழுது விழுந்த நேரங்களை வரிசையாக் குறிச்சுப் பாத்தா, செக் பண்ணி வெளிய வந்த உடன தான் பழுது கூட விழுது, பிறகு மெல்ல மெல்லக் குறையுது! நல்லா ஓடினதைக் கழட்டிப் பூட்டேக்க மெக்கானிக்மாரே பிழையை உள்ள வச்சு மூடியிருக்கினம். 1978இல நோலன், ஹீப் எண்ட ரெண்டு பேர், யுனைட்டட் எயார்லைன்ஸில வேலை செய்தவை, அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு அறிக்கை எழுதினவை, அதில அவை பாத்த விமானப் பாகங்களில 11 வீதத்துக்குத் தான் "இத்தனை மணித்தியாலத்தில மாத்து" எண்டு வயசு குறிக்கிறதில பிரயோசனம் இருந்திருக்கு. மிச்சத்துக்கு வயசைப் பாத்து மாத்திப் பிரயோசனம் இல்ல. அப்ப தேதி பாத்துக் கழட்டாம மெசின்ட நிலைமையைப் பாத்துக் கழட்டு எண்ட யோசனை இன்டர்நெட்டுக்கு எவ்வளவோ முதல் வந்தது, சென்சர் அதுக்குக் கண் குடுத்தது, அவ்வளவு தான்.

இனி விக்கிற கதை. அமெரிக்காவில 2007இல இருந்து படைகள் இப்பிடித்தான் மெய்ன்டனன்ஸ் செய்ய வேணும் எண்டு கொள்கை இருக்கு. 2022 டிசம்பரில அவங்கட அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் போய்ப் பாத்திட்டு முன்னேற்றம் கொஞ்சம் தான் எண்டு எழுதிச்சு. காசும் சென்சரும் மட்டும் இருந்தாக் காணாது. அதிர்வு கூடுது எண்டு ஸ்க்ரீன் காட்டினாலும், இண்டைக்கு நல்லா ஓடுற எஞ்சினை நிப்பாட்டிக் கழட்டு எண்டு சொல்ல ஒரு அதிகாரிக்குத் தைரியம் வேணும், அந்த நேரம் மாத்த ஸ்பெயாரும் ஸ்டோரில இருக்க வேணும். ஸ்பெயார் இல்லாத இடத்தில முன்கூட்டிச் சொல்லுற சென்சரால வாற ஒரே பலன் நித்திரை கெடுறது.

கேள்வி: நான் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வச்சிருக்கிறன். என்ட கடையில என்ன கிடக்கு எண்டு எனக்கே சில நேரம் தெரியாது. இவ்வளவு பெரிய ஆமிகளுக்கு எப்பிடித் தெரியும்? (கிண்ணியா)

தெரியாது காக்கா, அதுதான் பகிடியே. 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா 40,000 கொன்டெய்னர் அளவில அனுப்பிச்சு, அதில பாதிக்கு மேல உள்ள என்ன எண்டு தெரியாம உடைச்சுத் திறந்து தான் பாத்தவங்கள். சாமான் வருமோ வராதோ எண்ட பயத்தில ஒவ்வொரு யூனிட்டும் ஒரே சாமானை மூண்டு தரம் ஓடர் பண்ண, துறைமுகத்தில மலை மாதிரிக் குவிஞ்சு, இரும்பு மலை எண்டே பேர் வச்சவங்கள். அதுக்குப் பிறகு தான் கொன்டெய்னரில ரேடியோ டேக் கட்டி, வழியில ரீடர் வச்சு, எது எங்க போகுது எண்டு பாக்கத் தொடங்கினது.

உங்களுக்கு இதில எடுக்கக் கூடிய ஒண்டு இருக்கு. டேக்குக்கும் முதல்ல வேண்டியது நம்பர். ஒரே பெயாரிங்கை ஒரு ஆள் ஒரு பேரிலயும் மற்ற ஆள் வேற பேரிலயும் பதிஞ்சா எந்தக் கம்பியூட்டராலயும் ஏலாது. நேட்டோ நாடுகள் ஒவ்வொரு சாமானுக்கும் 13 இலக்க நம்பர் குடுக்கிறாங்கள்: முதல் 4 என்ன வகை எண்டு, அடுத்த 2 எந்த நாடு அந்த நம்பரைக் குடுத்தது எண்டு, மிச்சம் 7 அந்தச் சாமானுக்கெண்டே. நட்டுக்கும் உண்டு, ஜெட் எஞ்சினுக்கும் உண்டு. இந்தச் சலிப்பான வேலையைச் செய்யாம ஆரும் சென்சரில காசு போட்டா நான் அந்த ஆளை நம்ப மாட்டன்.

நம்பர் இருந்தும் துலையும், அதையும் சொல்ல வேணும். எஃப்-35 போர் விமானத்தின்ட ஸ்பெயார்களில 2018இல இருந்து பத்து லட்சத்துக்கு மேல காணாமப் போனது, பெறுமதி 8.5 கோடி டொலருக்கு மேல எண்டு அதே கணக்காய்வு அலுவலகம் 2023இல எழுதிச்சு. உலகத்திலயே ஆகக் கூட கம்பியூட்டர் வச்ச விமானம் எண்டு பேர் அதுக்கு. நீங்கள் கவலைப்படாம கடையை நடத்துங்கோ, ஆனா கொப்பி ஒண்டு போடுங்கோ.

கேள்வி: அப்ப 2022இல எங்களுக்குத் தந்த எரிபொருள் கியூஆரும் இந்த மாதிரி ஒரு சிஸ்டம் தானா? (பாலையூற்று)

ஓம், கிட்டத்தட்ட. 2022 ஜூலையில தொடங்கின அந்த நஷனல் ஃபுவெல் பாஸ் எந்த வாகனம் கிழமைக்கு எவ்வளவு அடிச்சது எண்டு ஒரு இடத்தில காட்டிச்சு, ஒரே ஆள் நாலு ஷெட்டில அடிக்கிறது குறைஞ்சுது, கியூவும் குறைஞ்சுது. ஆனா கியூஆர் ஒரு லீற்றர் பெற்றோலும் உண்டாக்கேல்ல. சீனக்குடாவில 99 எண்ணெய்த் தாங்கியை வச்சுக்கொண்டு நாங்கள் கானோட நிண்டது கப்பலுக்குக் குடுக்க டொலர் இல்லாததால. இருக்கிறதை நியாயமாப் பங்கிடுறதுக்குத் தான் கனெக்டட் சிஸ்டம் உதவும்.

கேள்வி: எங்கட பலநாள் படகில விஎம்எஸ் எண்ட கண்காணிப்புக் கருவி பூட்டியிருக்கு. படகு எங்க நிக்குது எண்டு அரசாங்கம் பாக்குது, எஞ்சின் எப்ப மக்கர் பண்ணும் எண்டு எங்களுக்கு ஆரும் சொல்லுறேல்ல. நேவிக்காரருக்கு இருக்கிற மாதிரி எங்களுக்கும் ஏதும் வைக்க ஏலுமா? (கொட்பே)

நியாயமான கோவம் அண்ணை. விஎம்எஸ் வந்தது உங்கட எஞ்சினுக்காக இல்ல, 2015இல ஐரோப்பா எங்கட மீனை வாங்க மாட்டம் எண்டு தடை போட்டது, அதைக் கழட்ட தான், 2016இல தடை போச்சு. அது இடத்தைத் தான் அனுப்பும்.

எஞ்சினுக்கு நான் சொல்லுறது சென்சர் இல்ல, எண்ணெய். எஞ்சின் ஒயில் மாத்தேக்க கொஞ்சம் சுத்தமான போத்தலில எடுத்து லேபில குடுத்துப் பாக்கிறது, 1940களில அமெரிக்க ரயில்வே தொடங்கி வச்ச முறை, பிறகு அமெரிக்க நேவி எடுத்து இப்ப மூண்டு படையும் சேந்து செய்யுது. ஒயிலில இரும்பு கூடினா லைனர் இல்லாட்டி ரிங் தேயுது, செம்பும் ஈயமும் கூடினா பெயாரிங், சிலிக்கன் எண்டா தூசி உள்ள போகுது, எயார் ஃபில்டரைப் பாருங்கோ. உங்களுக்கு முக்கியம் சோடியம், அது கூடினா கடல் தண்ணி எங்கயோ கசியுது எண்டு சந்தேகப்படலாம், கூலன்டில இருந்தும் வரும் எண்டதால ரெண்டையும் பாக்க வேணும். ஒருக்கா எடுத்துப் பாத்துப் பிரயோசனம் இல்ல, ஒவ்வொரு தரமும் எடுத்து எண் எப்பிடிக் கூடுது எண்டு பாக்கிறது தான் விசயம், அதே வேலையைத் தான் விலை கூடின சென்சரும் செய்யுது. நடுக்கடலில நிக்கேக்க சட்டலைட்டில டேட்டா அனுப்புற செலவை யோசிச்சா போத்தல் எவ்வளவோ மலிவு. போர்க்கப்பலுக்கும் இந்தத் தொல்லை இருக்கு: ஒளிஞ்சு நிக்கேக்க சிக்னல் விட ஏலாது, விட்டா எதிரிக்கு இடம் தெரியும், அதால டேட்டாவைக் கப்பலுக்குள்ளயே சேத்து வச்சு அங்கயே கணக்குப் பாத்து பிறகு தான் அனுப்பலாம்.

கேள்வி: என்ட அப்பா டொக்யார்ட்டில வேலை செய்தவர். மிதக்கிற டொக் ஒண்டு கப்பலோட தாண்டது எண்டு சொல்லுவார். உண்மையா? (உவர்மலை)

உண்மை. 1944 ஆகஸ்ட் 8. பிரிட்டிஷ் போர்க்கப்பல் வலியன்டை பழுது பாக்க எங்கட ஹார்பரில நிண்ட மிதக்கும் டொக்கில ஏத்தினவை. டொக்கைத் தாட்டு, கப்பலை உள்ள எடுத்து, தாங்கிகளில உள்ள தண்ணியைப் பம்ப் பண்ணி வெளிய விட டொக் எழும்பும், கப்பலும் எழும்பும். கப்பல் குண்டு, மருந்து எல்லாத்தோடயும் பாரமா நிண்டது. அந்தப் பாரம் எங்க விழுகுதோ அதுக்கேத்த மாதிரித் தாங்கிகள் வெறுமையாகேல்ல, டொக்கின்ட முதுகு முறிஞ்சு தாண்டு போச்சு. வலியன்ட்டின்ட புரொப்பெல்லரும் சுக்கானும் அடிபட்டு, அந்தக் கப்பல் திருப்பி கிழக்குக்கு வரவேயில்ல.

இப்பத்தைய டொக்குகளில ஒவ்வொரு தாங்கியின்ட மட்டமும், டொக் எவ்வளவு வளையுது எண்டதும் கொன்ட்ரோல் அறையில ஸ்க்ரீனில ஓடும், அளவு தாண்டினா அலாரம் அடிக்கும். கனெக்டட் மெய்ன்டனன்ஸுக்கு நான் உதாரணம் தேடினா அமெரிக்காவுக்குப் போக மாட்டன், இதைத் தான் சொல்லுவன்.

கேள்வி: எல்லாத்தையும் நெட்டில இணைச்சா ஹெக் பண்ண மாட்டாங்களா? (உப்புவெளி, ஆசிரியை)

பண்ணுவாங்கள் டீச்சர். ஆனா ஹெக்கர் வர முதலே ரெண்டு விசயத்தில மாட்டலாம். ஒண்டு, தானாக் காட்டிக் குடுக்கிறது. ஸ்ட்ராவா எண்ட ஓட்டப் பயிற்சி அப் 2017 நவம்பரில உலகம் முழுக்க ஆக்கள் ஓடின பாதைகளை மெப்பா வெளியிட்டுது, 2018 ஜனவரியில ஒரு ஒஸ்ரேலிய மாணவன் அதைப் பாத்து, பாலைவனத்துக்கு நடுவில வெளிச்சமாத் தெரிஞ்ச வட்டமெல்லாம் ராணுவ முகாம் எண்டு காட்டினான். கையில கட்டின வோச் தான் காரணம். அந்த வருசம் ஆகஸ்ட்டில பென்டகன் இப்பிடி இடம் காட்டுற சாமான்களைப் போர்ப் பிரதேசங்களில பாவிக்கத் தடை போட்டது.

மற்றது, கயிறு ஆற்ற கையில எண்டது. 2022இல உக்ரைன்ட மெலிட்டோபோலில ஜோன் டீர் வியாபாரியிட்ட இருந்து ரஷ்யப் படை ட்ரக்டர், அறுவடை மெசின் எல்லாம் தூக்கிக் கொண்டு செச்னியா வரைக்கும் போனது. ஜிபிஎஸ்ஸில பாத்துக்கொண்டிருந்தவை தூரத்தில இருந்தே லொக் பண்ண, ஒண்டையும் ஸ்டார்ட் பண்ண ஏலாமப் போச்சு. வாசிச்ச எல்லாரும் கை தட்டினாங்கள், நானும் தான். ஆனா அதே பட்டன் நீங்கள் காசு குடுத்து வாங்கின மெசினுக்கும் இருக்குத் தானே? எஃப்-35 வாங்கின நாடுகளுக்கும் இந்தக் கவலை வந்தது, தங்கட விமானம், விமானிகளின்ட தகவல் எல்லாம், அந்த விமானத்தின்ட மெய்ன்டனன்ஸ், ஸ்பெயார் கணக்குப் பாக்கிற அலிஸ் எண்ட கம்பியூட்டர் சிஸ்டத்தால அமெரிக்காவுக்குப் போகுது எண்டு. அந்த அலிஸ் வேலையும் ஒழுங்காச் செய்யேல்ல, அது செய்ய வேண்டியதைக் கையால செய்ய ஒரு விமானப்படை யூனிட்டுக்கு வருசம் 45,000 மணித்தியாலத்துக்கு மேல போச்சுதாம். 2020இல அதை விட்டிட்டு ஓடின் எண்டு வேற ஒண்டுக்கு மாறப் போறம் எண்டாங்கள்.

ஹெக்குக்கு வாறன். 2017 ஜூனில நொட்பெட்யா எண்ட வைரஸ் மேர்ஸ்க் கப்பல் கொம்பனியை விழுத்தினது. 4,000 சேர்வர், 45,000 கம்பியூட்டர் திருப்பிப் போட வேண்டி வந்தது. கொம்பனியின்ட நெட்வேர்க் விபரம் எல்லாம் அழிஞ்சு, கானா நாட்டு ஒஃபீசில ஒரு கொப்பி மட்டும் தப்பியிருந்தது, ஏனெண்டா அந்த நேரம் அங்க கரண்ட் கட். எங்கட மின்சார சபைக்கு இதை ஆரும் சொல்லிப்போடாதீங்கோ. எந்த சப்ளை சிஸ்டம் செய்தாலும் நெட்டோட தொடுப்பில்லாத ஒரு கொப்பி வேற இடத்தில இருக்க வேணும், அது இல்லாம வாற கொன்ட்ராக்டரைத் திருப்பி அனுப்பலாம்.

கேள்வி: நேவி, ஆமியில சேர விருப்பமில்ல, ஆனா இந்த வேலை படிக்க ஆசை. இங்க இருந்து என்ன செய்யலாம்? (மூதூர், ஏ எல் எழுதின தங்கச்சி)

சேரத் தேவையே இல்ல தங்கச்சி. பெயாரிங்குக்கு ஆமியும் தெரியாது, ஆலையும் தெரியாது. சீனக்குடாப் பக்கம் இருக்கிற சீமெந்து ஆலை, மாவு ஆலை எல்லாம் பெரிய மோட்டர், கியர்பொக்ஸில தானே ஓடுது. மெக்கானிக்கல் இல்லாட்டி எலெக்ட்ரிக்கல் டிப்ளோமா ஒண்டு முதல்ல முடியுங்கோ, பிறகு அதிர்வுப் பகுப்பாய்வுக்கு ஐஎஸ்ஓ 18436-2 எண்ட தரத்தில நாலு படியாச் சான்றிதழ் இருக்கு, முதல் படியில இருந்து தொடங்கலாம். சப்ளை பக்கம் பிடிச்சா எக்ஸெலும் கொஞ்சம் டேட்டாபேஸும் வடிவாப் பழகுங்கோ. கோடிங் தெரிஞ்ச பிள்ளையள் கனக்க, ஸ்டோருக்குள்ள போய் தூசி தட்டி நம்பர் பாத்து எழுதத் தெரிஞ்ச ஆக்கள் தான் குறைவு, அந்த ரெண்டும் தெரிஞ்சா வேலைக்குக் கஷ்டப்பட மாட்டீங்கள்.