மக்கள் இயக்கத்தால் ஒரு நாட்டின் தேர்தல் முறையையே மாற்ற முடியுமா?

முடியும், நியூசிலாந்தில் மாற்றியிருக்கிறார்கள். அங்கே 1981 தேர்தலில் சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியும் கிடைத்தது 2 இடம்தான், அதைவிட மோசம், 1978, 1981 இரண்டு முறையும் லேபர் கட்சி அதிக வாக்கு பெற்றும் ஆட்சி போட்டிக் கட்சியான நேஷனல் கட்சியிடமே போனது. எவ்வளவு பெரிய அநியாயம் பாருங்கள்! 1986ல் அரசு அமைத்த ஆணையமே விகிதாசார முறையை, அதாவது கட்சி வாங்கும் வாக்குச் சதவீதத்துக்கு ஏற்ப இடம் கிடைக்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஆனால் தொகுதியில் அதிக வாக்கு வாங்கியவருக்கே இடம் என்ற பழைய முறையில் ஜெயித்த இரண்டு பெரிய கட்சிகளுக்கும் அதை மாற்ற மனசு வருமா? அறிக்கை அலமாரிக்குப் போகாமல் காப்பாற்றியது தேர்தல் சீர்திருத்தக் கூட்டணி என்ற தன்னார்வலர் அமைப்புதான். பெரிய பணபலம் கிடையாது, கூட்டம் போட்டு, ஆட்களைச் சேர்த்து, தலைவர்கள் கொடுத்த பொதுவாக்கெடுப்பு வாக்குறுதியை அவர்களுக்கு விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

1992 வாக்கெடுப்பில் சுமார் 85 சதவீதம் பேர் மாற்றம் வேண்டும் என்றார்கள். அப்புறம் தொழிலதிபர்கள் ஆதரவோடு எதிர்ப் பிரசாரம் பலமாக வந்தது, அதனால் 1993 இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு 54 சதவீதத்துக்கு இறங்கினாலும் புதிய முறை ஜெயித்தது. 1996லிருந்து ஒவ்வொருவருக்கும் தொகுதிக்கு ஒன்று, கட்சிக்கு ஒன்று என இரண்டு வாக்கு.

நீங்களும் பிரசாரம் செய்வதானால் கணக்குச் சூத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள், வாக்குச் சதவீதத்தையும் கிடைத்த இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.