18 டாலருக்கும் 26 டாலருக்கும் நடுவே இருப்பது என்ன?

தம்பி, நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்வோம். கோவையில் ஒரு வார்ப்பட ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு வருடம் இருந்துவிட்டு, கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் அனுமதி (பி.ஆர்.) கிடைத்து, டொரான்டோவுக்குப் பக்கத்து மிசிசாகா வந்திருக்கிறீர்கள். வாகன உதிரிபாக ஆலை ஒன்றில், ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வேலை. மணிக்கு 18 டாலர். அதே மேசையில் அதே பாகத்தைச் சோதிக்கும் போலந்துக்காரருக்கு 26 டாலர். உங்கள் இருவருக்கும் மேலே இருக்கும் பெண்மணி இரண்டு வருட டிப்ளமாதான் படித்திருக்கிறார், அவருக்கு 38. “என் பி.இ. வீண்தானா? நிறம் பார்த்துத்தான் கூலி போடுகிறார்களா? இங்கே ஒரு மாஸ்டர்ஸ் படித்தால் சரியாகிவிடுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பணம் போகும். இப்போதைக்கு வேண்டாம். கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

நான் மதுரையில் பி.காம். முடித்து இங்கே வந்தவள். பல வருடங்களாக இந்த ஒன்டாரியோ மாகாணத்து ஆலைகளில் சம்பளப் பட்டியல் போடுகிறேன். யாருக்கு எவ்வளவு, எதற்காக அவ்வளவு என்பது என் திரையில் தினமும் ஓடுகிறது. வெளியே நின்று பார்க்கிறவர்களுக்கு இரண்டே விடைகள்தான் தோன்றும்: ஒன்று படிப்பு, இல்லாவிட்டால் பாகுபாடு. பட்டியலைப் பார்க்கிறவளுக்கு, ஒவ்வொரு டாலரும் வேறு வேறு இடத்திலிருந்து வந்து சேர்வது தெரியும்.

உங்களுக்கும் போலந்துக்காரருக்கும் இடையிலுள்ள 8 டாலரை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பகுதி நீங்கள் நுழைந்த வாசலால் வந்தது. உங்கள் முதலாளி அந்த ஆலை அல்ல, ஏஜென்சி. ஆலை உங்கள் ஒரு மணி நேரத்துக்கு ஏஜென்சிக்குக் கொடுப்பது 18 டாலரை விட அதிகம். நடுவில் நிற்பது அவர்கள் பங்கு. ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் முதல் 17.60 டாலர். அதற்கு மேல் உங்களுக்கு 40 சென்ட் விட்டிருக்கிறார்கள். போலந்துக்காரர் ஆலையின் நேரடித் தொழிலாளி. தொழிற்சங்கம் இருக்கும் ஆலை என்றால், ஒப்பந்தப்படி வருடம் ஏற ஏற அவர் படியும் ஏறியிருக்கும். பல் வைத்தியம், மருந்துக் காப்பீடு எல்லாம் அதற்கு மேலே. அவற்றையும் கணக்கில் சேர்த்தால் இடைவெளி 8 டாலரில் நிற்காது.

இது இயற்கை நியதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 ஏப்ரலில் ஒன்டாரியோவில் ஒரு சட்டப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஏஜென்சித் தொழிலாளி, பெருமளவு ஒரே மாதிரியான வேலையைச் செய்யும் ஆலைத் தொழிலாளியை விடக் குறைந்த கூலி பெறக் கூடாது என்றது அது. அந்த வருடம் ஆட்சி மாறியது. 2019 ஜனவரி 1 முதல் அந்தப் பிரிவே இல்லை. பக்கத்து மாகாணமான க்யூபெக்கில், ஏஜென்சி மூலம் வந்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் குறைத்துக் கொடுப்பதை 2019 முதல் சட்டம் தடுக்கிறது. உங்கள் 8 டாலரில் ஒரு பங்கு சட்டமன்றத்தில் போனது.

ஏஜென்சி உங்களிடம் சொல்லாத இன்னொன்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆலை உங்களை நேரடியாக எடுத்துக்கொள்வதை ஏஜென்சி தடுக்க முடியாது. நீங்கள் அந்த ஆலையில் வேலை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுத்தால் மட்டும் ஆலையிடம் அவர்கள் கட்டணம் கேட்கலாம். ஆறு மாதம் தாண்டினால் அதுவும் கிடையாது. உங்களிடம் எந்தப் பெயரிலும் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே ஏழாவது மாதம் பிறந்ததும் மேலாளரிடம் பேசிவிடுங்கள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. 18 டாலருக்கு நன்றாக வேலை செய்கிற ஆளை யார் வலியப் போய் 26க்கு மாற்றுவார்கள்?

தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு. அடுத்த வருடம் இருவருக்கும் 3 சதவீத உயர்வு என்று வையுங்கள். உங்களுக்கு 54 சென்ட், அவருக்கு 78 சென்ட். பெயருக்கு ஒரே உயர்வு, இடைவெளி கூடிவிடுகிறது. தொடக்கக் கூலி பல வருடம் கூடவே வரும்.

இனி 38 டாலர். அந்தப் பெண்மணியின் இரண்டு வருடப் படிப்பு உங்கள் நான்கு வருடத்தை விடப் பெரிதா என்று கேட்டால், இல்லை. கூலி படித்த வருடங்களை மட்டும் எண்ணுவதில்லை. கேரி பெக்கர் போன்ற பொருளியலாளர்கள், படிப்பு மனிதனின் திறனைக் கூட்டுகிறது, அதற்குத்தான் அதிகக் கூலி என்றார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் 1973இல் வேறு ஒரு கோணம் காட்டினார்: முதலாளிக்குத் தொழிலாளியின் திறன் வெளியிலிருந்து தெரியாது, பட்டத்தை அவர் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார். இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் நம் கதையில் ஸ்பென்ஸின் பக்கம் கனம் அதிகம். அந்தப் பெண்மணி படித்த கல்லூரி ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. படிக்கும்போதே சம்பளத்துடன் பயிற்சிக்கு வந்திருப்பார். அவரை வேலைக்கு எடுத்தவர் அவருடைய ஆசிரியருக்கே தொலைபேசியில் பேசியிருக்கலாம். உங்கள் கல்லூரியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கவே அவருக்கு நேரம் ஆகும்.

நீங்கள் குடியேற்றத்துக்காகப் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கினீர்களே, “கனடாவின் இளநிலைப் பட்டத்துக்குச் சமம்” என்று, அந்தத் தாள் அரசாங்கம் புள்ளி போடுவதற்கு. ஆலைக்காரர் அதைப் பார்த்துக் கூலி போடுவதில்லை. இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருவது உண்டு. பட்டத்துக்கு மதிப்பெண் போட்டு உள்ளே அழைக்கிற நாடு, உள்ளே வந்த பிறகு அதே பட்டத்தைத் தெரியாது என்கிறது.

பாகுபாடு இருக்கிறதா என்றால், இருக்கிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. டொரான்டோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஓரியோபோலஸ், இந்த டொரான்டோ வட்டாரத்து வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கில் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார். 2009இல் வந்த முடிவு இது. கனடாப் படிப்பும் கனடா அனுபவமும் ஆங்கிலப் பெயரும் உள்ள விண்ணப்பங்களில் 100க்கு 16 பேருக்கு நேர்காணல் அழைப்பு. எல்லாம் அப்படியே இருக்க, பெயரை மட்டும் சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயராக மாற்றினால் 11. பெயரோடு படிப்பும் அனுபவமும் வெளிநாட்டுடையதாக இருந்தால் 5. பிரிட்டனிலிருந்து வந்தவர்களுக்கு இந்தச் சரிவு இல்லை. ஆள் எடுப்பவர்களைக் கேட்டபோது மொழித்திறன் பற்றிய கவலை என்றார்கள். மொழித்திறனுக்கு விண்ணப்பத்திலேயே சான்று இருந்தபோதும் அதை முழுதாகக் கணக்கில் எடுக்கவில்லை. பின்னர் அதே தரவை மீண்டும் ஆராய்ந்ததில், பெரிய நிறுவனங்களை விடச் சிறிய நிறுவனங்களில் பாகுபாடு கூடுதல் என்று தெரிந்தது.

மாஸ்டர்ஸ் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணமும் இதே ஆய்வில் கிடைக்கும். நான்கு முதல் ஆறு வருடக் கனடா அனுபவம் காட்டிய விண்ணப்பங்களில், பட்டம் இங்கே வாங்கியதா வெளியே வாங்கியதா, கூடுதலாக இங்கே படித்தாரா என்பதெல்லாம் அழைப்பில் வித்தியாசம் காட்டவில்லை. அனுபவத்தைக் கனடா அனுபவமாக மாற்றியதும் 5 என்பது 11 ஆனது. 11க்கும் 16க்கும் இடையில் நிற்பது பெயர். அதை எந்தப் பல்கலைக்கழகமும் மாற்றித் தராது.

ஆள் எடுக்கும்போது நடப்பதைத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. எடுத்த பிறகு நடப்பதை நான் பார்க்கிறேன். பல ஆலைகளில் ஒரு வேலைக்கு ஐந்தாறு கூலிப் படிகள் வைத்திருப்பார்கள். புதியவரை எந்தப் படியில் அமர்த்துவது என்பது “அனுபவத்தைப் பொறுத்து”. அந்த இரண்டு சொற்களுக்குள் எல்லாம் நுழைந்துவிடும். முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், பர்மிங்ஹாமில் ஆறு வருடம் வேலை செய்தவர் மூன்றாம் படியில் சேர்ந்தார். புனேயில் ஆறு வருடம் செய்தவர் முதல் படியில். இருவரும் வந்த ஆலைகளுக்கும் ஒரே ஐ.ஏ.டி.எஃப். 16949 என்ற வாகனத் துறைத் தரச் சான்றிதழ். யாரும் யாரையும் இழிவாகப் பேசவில்லை, கதவை அடைக்கவில்லை. ஒருவர் படிவத்தில் 1 என்று எழுதினார்கள், மற்றவர் படிவத்தில் 3 என்று எழுதினார்கள்.

நம்மவர்களும் உத்தமர்கள் இல்லை. தமிழர் நடத்தும் கடையில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே, சம்பளச் சீட்டில்லாமல் கையில் பணம் கொடுத்து வேலை வாங்குவது இந்த ஊரில் புதிதல்ல. “நம்ம பையன்” என்ற சொல்லுக்குள் யார் நம்ம பையன், எந்த ஊர், என்ன ஆட்கள் என்ற விசாரணையும் சேர்ந்தே வரும். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2023இல் சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட வேலைக்குப் போகாதீர்கள். சீட்டில்லாத வருடங்கள் நாளைக்கு அனுபவமாகக் கணக்கில் வராது.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் 25 பேருக்குக் குறையாத நிறுவனங்கள், பொது விளம்பரத்தில் சம்பளத்தை அல்லது சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும். கனடா அனுபவம் தேவை என்று எழுதக் கூடாது. எழுதுவது நின்றுவிட்டது, நினைப்பது நின்றுவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் வரம்பு வெளியே வந்தது உங்களுக்கு லாபம். தர ஆய்வாளர், தரப் பொறியியல் உதவியாளர் வேலைகளுக்கு மிசிசாகா, பிராம்ப்டன், கேம்பிரிட்ஜ் பக்கம் என்ன வரம்பு போடுகிறார்கள் என்று ஒரு மாதம் குறித்துவாருங்கள். பெரிய நிறுவனங்களை முதலில் பாருங்கள். பாகங்களைக் கோத்து வாகனம் செய்யும் ஆலைக்கும் அதற்கு உதிரிபாகம் செய்யும் ஆலைக்கும் இடையே ஒரே திறனுக்கு வேறு வேறு கூலி உண்டு. சங்கமும் லாபமும் பெரிதாக இருக்கும் இடத்தில் கூலியும் பெரிது.

விண்ணப்பத்தில் கல்லூரிப் பெயரை மேலே தூக்கி வைக்காமல், அவர்கள் சரிபார்க்கக் கூடியதை மேலே வையுங்கள்: எந்தத் தரச் சான்றிதழின் கீழ் வேலை செய்தீர்கள், எந்த அளவீட்டு இயந்திரம், எந்த வாடிக்கையாளர் தணிக்கையில் நீங்கள் நின்றீர்கள். தரப் பொறியியலுக்கு அமெரிக்கத் தரச் சங்கம் நடத்தும் தேர்வு உண்டு. மாஸ்டர்ஸ் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதன் செலவு சிறிது, இங்கே ஆள் எடுப்பவருக்கு அந்தப் பெயர் தெரியும். பொறியாளர் உரிமத்துக்கும் மனுப் போட்டு வையுங்கள். 12 மாதக் கனடா அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோ பொறியாளர் அமைப்பு 2023 மே மாதம் எடுத்துவிட்டது. தேர்வுகளும் அனுபவச் சான்றும் இன்னும் உண்டு. உரிமம் வரும் வரை விண்ணப்பத்தில் உங்களைப் பொறியாளர் என்று போட்டுக்கொள்ளாதீர்கள், இங்கே அந்தப் பட்டப்பெயருக்குச் சட்டக் காவல் உண்டு.

ஏழாவது மாதம் மேலாளரிடம் போகும்போது “கூலி கூட்டுங்கள்” என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். நேரடியாக எடுப்பீர்களா, எடுத்தால் எந்தப் படியில், கோவை அனுபவத்தை எத்தனை வருடமாகக் கணக்கிடுவீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். முதல் படி என்றால் காரணத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களைப் போன்ற அனுபவத்தோடு வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர் மேல் படியில் சேர்ந்தது தெரியவந்தால், அந்த மின்னஞ்சலோடு மனித உரிமைச் சட்ட உதவி மையத்தை அழையுங்கள். அங்கே ஆலோசனைக்குப் பணம் கேட்க மாட்டார்கள். மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு மனுப் போட ஒரு வருட கெடு உண்டு, சம்பவம் நடந்த தேதியிலிருந்து.