மூன்று டம்ளர் டீ

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 34. கணவர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார். நான் மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறேன், மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட். மகன் ஏழாம் வகுப்பு. என் கவலையெல்லாம் என் மாமியாரைப் பற்றி. அவருக்கு 67 வயது. காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்றவர், முட்டி வலியால் ஐந்து வருடமாக வீட்டில் இருக்கிறார். தண்டையார்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கை இடித்துப் புதிதாகக் கட்டுவதால், எட்டு மாதம் முன்பு கொடுங்கையூரில் வாடகைக்கு வந்தோம்.

மதியம் இரண்டு மணிக்கு வரும் ஒரு சீரியலை ஏழு வருடமாகப் பார்த்துவந்தார். மூன்று மாதம் முன்பு அதைத் திடீரென்று முடித்துவிட்டார்கள். தொலைந்துபோன குழந்தை கிடைத்ததா என்றுகூடக் காட்டவில்லை. அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு மணிக்கு டி.வி. முன்னால் உட்காருகிறார், ஆனால் டி.வி.யைப் போடுவதில்லை. முன்பெல்லாம் சீரியல் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார், இப்போது போனையே தொடுவதில்லை. "மறுபடியும் போடுவாங்களா?" என்று கேட்டால், அடுத்த மாதம் வருது அத்தை என்று சொல்லிச் சமாளிக்கிறேன். டீயும் கணக்கில்லாமல் போடுகிறார். பழைய வீட்டில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சீரியல் பார்க்க வருவார்கள், அந்த நினைப்பில் இன்றும் மூன்று டம்ளர் போட்டு, இரண்டைத் தொட்டியில் கொட்டுகிறார். அரை லிட்டர் பால் 22 ரூபாய் விற்கிறது.

அந்த சீரியல் இரண்டாம் பாகமாக வருமா? தெருவில் கையெழுத்து வாங்கி சேனலுக்கு அனுப்பினால் பலன் உண்டா? பழைய எபிசோடுகளைப் போனில் பார்க்கப் பணம் கட்டலாமா? இல்லை, மனநல டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொடுங்கையூர்.

மகளே,

சீரியல் நின்றுபோனதைப் பற்றி வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. 2009 டிசம்பரில் 'கோலங்கள்' 1533 எபிசோடோடு முடிந்தபோது வந்தன. 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்று, சில தொடர்கள் முடிவே காட்டாமல் காணாமல் போனபோது இன்னும் நிறைய வந்தன. பெரும்பாலும் பிள்ளைகளோ மருமகள்களோதான் எழுதுவார்கள். "இதைப் போய் இவ்வளவு பெரிசா எடுத்துக்கிறாங்களே" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். நீ அப்படி எழுதவில்லை. ஆனால் அதைவிட மோசமாக ஒன்றை எழுதியிருக்கிறாய், எழுதியது என்ன என்று தெரியாமலே.

அந்த டீயைப் பற்றித்தான் சொல்கிறேன்.

மூன்று டம்ளர் போட்டு இரண்டைக் கொட்டுகிறார் என்கிறாய். உனக்கு மூன்று மணி ஷிஃப்ட் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் இரண்டு மணிக்கு நீ அந்த வீட்டில்தான் இருக்கிறாய். கூப்பிடு தூரத்தில் நிற்கிறாய். அவர் டீ போடுவதையும் பார்க்கிறாய், ஆற ஆற வைத்திருப்பதையும் பார்க்கிறாய், எழுந்துபோய்த் தொட்டியில் கொட்டுவதையும் பார்க்கிறாய். இந்த எட்டு மாதத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அதில் ஒரு டம்ளரைக் கையில் எடுத்து "எனக்கு ஒண்ணு கொடு அத்தை" என்று பக்கத்தில் உட்கார்ந்தாயா? உட்கார்ந்திருந்தால் எழுதியிருப்பாய்.

அந்த நேரத்தில் உனக்குத் தலைக்குமேல் வேலை இருக்கும். இரவுக்கும் சேர்த்து ஆக்கி வைக்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். தெரியாமல் பேசவில்லை. டீ குடிக்கப் பத்து நிமிடம் போதும். பாலுக்கு ஆகும் 22 ரூபாயைக் கணக்கு பார்க்க நேரம் இருந்ததே.

அடுத்தது. "பக்கத்தில் இருந்த இரண்டு பேர்." அவர்களுக்குப் பெயர் இல்லையா? உன் மகன் ஏழாம் வகுப்பு என்றால் நீ அந்த பிளாக்குக்கு வாழ வந்து பன்னிரண்டு, பதின்மூன்று வருடமாவது இருக்கும். ஹவுசிங் போர்டு வாழ்க்கை எனக்குத் தெரியும். வாசல்கதவை ராத்திரிதான் சாத்துவார்கள். ஒரு நடையில் நாலைந்து வீடு, எந்த வீட்டில் குழம்பு கொதிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வந்தால் உன் குடத்தையும் சேர்த்து நகர்த்தி வைத்திருப்பார்கள். உன் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்காத கை அந்த நடையில் இருந்திருக்காது. அவர்களைப் பெயரில்லாத இரண்டு பேராக எழுதிவிட்டு, சீரியலைப் பற்றி என்னிடம் கேட்கிறாய்.

உன் அத்தை கூடை சுமந்த காலத்துப் பகலைக் கொஞ்சம் யோசித்துப் பார். விடிவதற்கு முன்னால் காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்க வேண்டும். எடுத்த மீனைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாகக் கூவ வேண்டும். வெயில் உச்சிக்கு வந்தபின் வீட்டுக்கு வந்து, கையில் இருக்கும் கவிச்சி போகத் தேய்த்துக் குளித்து, காலை நீட்டி உட்காரும்போது மணி இரண்டு ஆகியிருக்கும். அந்த நாளில் அவர் உட்காரும் முதல் தடவையே அதுதான். அந்த நேரத்துக்கு இரண்டு பேர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டீ கொதித்தது. டி.வி.யில் ஒருத்தி அழுதாள். அதைச் சாக்காக வைத்து இவர்கள் மூவரும் தங்கள் வீட்டுக் கதையைப் பேசிக்கொண்டார்கள். மருமகளைப் பற்றியும் பேசியிருப்பார்கள். அந்த சீரியல் இல்லையென்றால் இன்னொரு சீரியல், அதுவும் இல்லையென்றால் தாயக்கட்டை. அந்த இரண்டு பேர் மட்டும் வேறு ஆளாக இருக்க முடியாது.

இங்கே வந்த பிறகும் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார், கவனித்தாயா? சீரியல் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார் என்று எழுதியிருக்கிறாயே, யாரோடு பேசினார் என்று நினைக்கிறாய்? மூன்று பேரும் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்த்துவிட்டு, இரண்டரை மணிக்கு அதைப் பேசியிருக்கிறார்கள். இப்போது பேச ஒரு சாக்கு இல்லை. நம் பெண்கள் வாழ்க்கை முழுக்க ஒரு வேலையைச் சொல்லித்தான் வாசலுக்கு வந்தார்கள், பூ வாங்க, தண்ணீர் பிடிக்க, ரேஷன் வாங்க. சும்மா உன்னோடு பேசணும் போலிருக்கு என்று போன் பண்ண அவர்களுக்கு நாக்கு வராது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன்.

இரண்டாம் பாகம் வருமா என்றால், வருவதும் உண்டு. 'எதிர்நீச்சல்' 2024 ஜூனில் முடிந்து, அந்த வருடம் டிசம்பரிலேயே தொடர்ச்சியாகத் திரும்ப வந்தது. 2001-ல் முடிந்த 'சித்தி'க்கு 2020-ல்தான் இரண்டாம் பாகம் வந்தது. இதெல்லாம் ராத்திரி நேரத்தில் ஊரே பார்த்த தொடர்கள். மதிய நேரத்துக்கு விளம்பரக் காசு குறைவு, அதனால் கை வைப்பது என்றால் முதலில் அங்கேதான் வைப்பார்கள். கையெழுத்து வாங்குவதைத் தடுக்கமாட்டேன், ஆனால் சேனல்காரர்கள் பார்ப்பது, எதை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வாராவாரம் வரும் டி.ஆர்.பி. கணக்கை. அந்தக் கணக்கு எடுக்கும் மீட்டர் நாடு முழுவதும் சில பத்தாயிரம் வீடுகளில்தான் இருக்கிறது. உன் அத்தை ஏழு வருடம் ஒருநாள் தவறாமல் பார்த்தார். அவர் வீட்டில் அந்த மீட்டர் இல்லையென்றால் அவர் பார்த்தது எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், போனில் காட்டலாமா என்று கேட்டாயே, அதற்கும் இதில் பதில் இருக்கிறது. அங்கே இந்த மதியத் தொடர்கள் ரேடியோ காலத்திலேயே ஆரம்பித்தவை. சோப்புக் கம்பெனிகள் காசு போட்டதால் சோப் ஆபரா என்று பெயர் வந்தது. ஒரு தொடர் 1937-ல் ரேடியோவில் தொடங்கி, டி.வி.க்கு மாறி, 2009 வரை ஓடியது, 72 வருடம். 2011-ல் ஒரு பெரிய சேனல், 40 வருடத்துக்கு மேல் ஓடிய 'ஆல் மை சில்ட்ரன்', 'ஒன் லைஃப் டு லிவ்' இரண்டையும் நிறுத்தப்போவதாக ஒரே நாளில் அறிவித்தது. சனங்கள் கொதித்துப்போனார்கள். வேக்வம் கிளீனர் விற்கும் ஒரு கம்பெனி அந்த சேனலுக்குக் கொடுத்த விளம்பரத்தையே நிறுத்திப் பார்த்தது. சேனல் அசையவில்லை. அப்புறம் வேறொரு கம்பெனி உரிமையை வாங்கி, 2013 ஏப்ரலில் இரண்டையும் இன்டர்நெட்டில் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஊர், அதே குடும்பம், பழைய முகங்களில் பலரும் இருந்தார்கள். என்ன ஆயிற்று? ஒரு மாதம் முடிவதற்குள், ஜனங்களால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை, சேர்த்துவைத்துப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, வாரத்துக்கு இரண்டு எபிசோடாகக் குறைத்தார்கள். அந்த வருடம் முடிவதற்குள் இரண்டுமே நின்றுபோயின. வழக்கு, பணம் என்று வேறு காரணங்களும் இருந்தன. எனக்கு அந்த முதல் காரணம்தான் மனதில் நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆனதும், இந்த மணிக்குப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. நாற்பது வருடம் மதியமானால் தவறாமல் உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

அதனால் போனுக்குப் பணம் கட்டி, பழைய எபிசோடைப் போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டு நீ ஷிஃப்டுக்குப் போய்விடாதே. தனியாக உட்கார்ந்து ஏற்கெனவே பார்த்ததைப் பார்ப்பதில் அவருக்கு என்ன இருக்கிறது? அந்தப் பணத்தை அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்.

அடுத்த மாதம் வருது என்று சொல்லும் பொய்யை இன்றோடு நிறுத்து. காசிமேட்டு ஏலத்தில் நஷ்டம் பார்த்து, மறுநாளும் கூடையோடு போய் நின்றவர் அவர். முடிந்துவிட்டது, திரும்ப வருமா என்று எனக்குத் தெரியாது அத்தை என்று சொன்னால் தாங்கிக்கொள்வார். மாதாமாதம் ஏமாறுவதைத்தான் எந்த மனுஷியாலும் தாங்க முடியாது.

உன் கணவரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய், டிரெய்லர் ஓட்டுகிறார் என்று. துறைமுக வாசலில் ராத்திரி பகலாக வரிசையில் நிற்கிற வேலை, அவர் தூங்குவதே பெரிய விஷயம் என்று நீ சொல்லலாம். பெற்ற தாய் வாடிப்போனதைக் கண்டு, மருமகள் பத்திரிகைக்கு எழுதுகிறாள், மகன் எங்கே? தாயை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கி வந்தால், பீரோவையும் கட்டிலையும் ஏற்றியதோடு கடமை முடிந்துவிடாது. அவருடைய மனுஷர்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்து வைப்பதும் அதில் சேர்ந்ததுதான். இதை அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டு. அம்மா சொன்னார்கள் என்று சொல்.

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. முதலில் அந்த இரண்டு பேரும் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அத்தையிடமே கேள். அவர் போனில் நம்பர் இருக்கும். பிளாக் காலியானபோது ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள், ஒருவர் கொருக்குப்பேட்டையில், ஒருவர் திருவொற்றியூரில் என்று. வடசென்னைக்குள்தானே? பிங்க் பஸ்ஸில் உனக்கும் டிக்கெட் இல்லை, அவருக்கும் இல்லை. முட்டி வலிக்காரர், படி ஏறச் சிரமம் என்றால் மகன் ஆட்டோ பிடித்துக் கூட்டிப்போகட்டும். உன் வார லீவில் ஒரு தரம் இவர் போகட்டும், அடுத்த முறை அவர்கள் உன் வீட்டுக்கு வரட்டும். வந்தால் கிரில் கேட்டைத் திறந்தே வை. இரண்டு மணிக்கு வேறு ஏதாவது ஒரு தொடரை மூவருமாகப் பேசிப் பிடித்துக்கொள்வார்கள், நீ தேர்ந்தெடுத்துக் கொடுக்கத் தேவையில்லை. புதுக் கட்டடத்தில் யாருக்கு எந்த மாடி, எந்த பிளாக் விழும் என்று இப்போது சொல்ல முடியாது. மறுபடி ஒரே நடையில் இருப்பார்கள் என்று நம்பிக் காத்திருக்காதே.

டாக்டர் விஷயத்தில் நான் சண்டை போடமாட்டேன். மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடாத 67 வயதுக்காரரை இவ்வளவு நாள் காட்டாமல் இருந்ததே தப்பு. இந்த வாரமே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் சர்க்கரை, பிரஷர், ரத்தம் எல்லாம் பார்த்துவிடு. நான் சொன்னதையெல்லாம் செய்தபிறகும் தூக்கமோ சாப்பாடோ சரியாகவில்லை, வாழ்ந்து என்ன என்பதுபோல் பேசுகிறார் என்றால், ஒரு நாளும் தள்ளாமல் மனநல மருத்துவரைப் பார். 14416 என்ற அரசு நம்பருக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

நாளைக்கு இரண்டு மணிக்கு அவர் மூன்று டம்ளர் டீ போடுவார். ஒன்றை நீ எடுத்துக்கொள். தொலைந்துபோன அந்தக் குழந்தையை யார் தூக்கிப் போயிருப்பார்கள் என்று அவரிடம் கேள். ஏழு வருடக் கதை, ஒரு நாளில் முடியாது. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டால் மீதியை மறுநாள் கேள்.

அப்புறம் எனக்கு இன்னொரு கடிதம் எழுது. அதில் அந்த இரண்டு பேரின் பெயரும் இருக்கட்டும்.