கார் மதுரையில், டயாலிசிஸ் ராமநாதபுரத்தில்: இன்சூரன்ஸ் வாடகைக் கார் தருமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். போன வாரம் திருப்புல்லாணி விலக்கில் வண்டியை நிறுத்தியிருந்தபோது ஒரு மீன் லாரி பின்னால் வந்து மோதிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ஏழு பேர் உட்காரும் என் கார் மதுரை சர்வீஸ் சென்டரில் கிடக்கிறது. 18 நாள் ஆகும் என்கிறார்கள். உம்மாவுக்கு ராமநாதபுரத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், சக்கர நாற்காலியும் கூடவே போக வேண்டும். கார் பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கு என் பாலிசியில் தினப்படி உண்டு: முதல் 3 நாள் கிடையாது, பிறகு நாளுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 10 நாள். பணம் வேண்டாமென்றால் ஒரு சின்னக் கார் தருகிறார்களாம். என் காருக்குச் சமமான காரைக் கேட்க முடியாதா? வெளியே ஏழு சீட் வண்டியை நாமே ஓட்டிக்கொள்ள நாளுக்கு 3,500 சொல்கிறார்கள். துபாயில் இருக்கும் மச்சான் தன் இன்னோவாவை நாளுக்கு 1,500-க்கு எடுத்துக்கொள் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: சமமான காரைக் கேட்கலாம், ஆனால் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நம் ஊர் மோட்டார் பாலிசி காரின் சேதத்துக்குத்தான் பணம் தருகிறது. கார் இல்லாமல் நீங்கள் படும் பாடு அதில் சேராது. அதற்கென்று தனி பிரீமியம் கட்டி வாங்கியதுதான் தினப்படி. அதில் என்ன எழுதியிருக்கிறதோ அவ்வளவே கிடைக்கும். உங்கள் கணக்கில் 18 நாளில் 3 போக 15, உச்சவரம்பு 10. ஆக 10,000 ரூபாய். சக்கர நாற்காலியை வைக்க இடமில்லாத சின்னக் காரை வாங்கி என்ன செய்வீர்கள்? பணமாகவே கேளுங்கள்.

நாளுக்கு 3,500 என்றால் 18 நாளைக்கு 63,000 ரூபாய். ஆனால் உங்களுக்குக் கார் தேவைப்படுவது 18 நாளும் அல்ல, டயாலிசிஸ் இருக்கும் 8 நாள்தான். போகவர, நான்கு மணி நேரம் காத்திருக்க, உம்மாவை ஏற்றி இறக்கக் கைகொடுக்க என்று எல்லாம் சேர்த்து, ஓட்டுநரோடு ஒரு மஞ்சள் போர்டு வண்டியை நடைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். 1,400 ரூபாய்க்குப் படிந்தால் 8 நடைக்கு 11,200. தினப்படி ஏறத்தாழ அதைக் கட்டிவிடும். டயாலிசிஸ் முடிந்து களைத்து வருபவருக்குப் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருப்பதும் நல்லதுதானே. ஒவ்வொரு நடைக்கும் தேதி, வண்டி எண்ணோடு பில் வாங்கிவிடுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

மச்சானின் இன்னோவா இதைவிடச் சுலபமான வழி, வாடகை பேசாமல் இருந்தால். வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு என்று காப்பீடு செய்யப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது வாடகை உபயோகம். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் அதைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிரிக்கலாம். 1,500 ரூபாய்க்காக மச்சானின் முழு வண்டியும் அந்தரத்தில் நிற்கும். வாடகையை வேறு பெயர் சொல்லிக் கொடுப்பதும் வேண்டாம். சும்மா இரவலாக வாங்கி, டீசலை நீங்கள் போட்டுக்கொண்டால் பிரச்சினை இல்லை: உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டினால் அவருடைய பாலிசி பொருந்தும். ஆனால் எடுப்பதற்கு முன் அந்தப் பாலிசி உயிரோடு இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். ஆள் வெளிநாட்டுச் சபுரில், வண்டி வீட்டில் என்றால் புதுப்பிக்க மறந்துபோவது நம் பக்கம் சகஜம். நாளுக்கு 3,500 கேட்பவரின் வண்டியிலும் போர்டைப் பாருங்கள். ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட அனுமதி பெற்ற காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை போர்டாக இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

உங்கள் பணம் உண்மையில் கரையும் இடம் மதுரைப் பட்டறை. 18 நாள் 28 ஆனாலும் தினப்படி 10 நாளைத் தாண்டாது. பம்பரையும் டிக்கியையும் முழுக்கக் கழற்றிப் பார்த்த பிறகு, சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வரட்டும். உள்சேதம் பிறகு தெரிந்தால் மறுபடி அனுமதி, மறுபடி காத்திருப்பு. உதிரிபாகங்களுக்கு எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உப்புக்காற்றில் கதவுக்கு அடியில் பிடித்த துருவை இதே வேலையில் சேர்க்க விடாதீர்கள். அது தேய்மானம், இன்சூரன்ஸில் வராது, நாளும் கூடும். வண்டி உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் உள்ள கடிதம் இல்லாமல் தினப்படி கேட்க முடியாது.

தப்பு லாரி மேல் இருந்தும், உங்கள் பாலிசியில் கிளெய்ம் போட்டதால் அடுத்த புதுப்பிப்பில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும் (அதைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர). அநியாயம்தான். அதற்காகக் கிளெய்மை வாபஸ் வாங்காதீர்கள். இந்த அளவு சேதத்தைக் கையிலிருந்து கட்ட முடியாது.

ஆனால் கையை விட்டுப் போன மிச்சத்தை லாரியின் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்கலாம். வண்டி வாடகை, பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று கழித்த 50 சதவீதம், கிளெய்மில் உங்கள் கையிலிருந்து நீங்கள் கட்டிய கட்டாயப் பங்கு (1,500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000) ஆகியவை அதில் வரும். உங்கள் நிறுவனம் ஏற்கெனவே கொடுத்ததை மறுபடி கேட்கக் கூடாது. தினப்படியாக வந்த 10,000-ஐயும் வாடகைக் கணக்கில் கழித்துக் காட்டுங்கள். கேட்கும் இடம் ராமநாதபுரத்தில் உள்ள மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். போலீஸில் எஃப்ஐஆர், லாரியின் பதிவெண், நான் சொன்ன பில்கள் எல்லாம் வேண்டும். வாடகையை எவ்வளவு ஏற்பது என்பது தீர்ப்பாயத்தின் கையில். விடுபட்ட தொகை நாலைந்தாயிரம்தான் என்றால் வக்கீல் செலவுக்கே சரியாகிவிடும், விட்டுவிடலாம். முப்பது நாற்பதாயிரம் என்றால் போடுங்கள். விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

தினப்படியையே உங்கள் நிறுவனம் இழுத்தடித்தால் முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.