இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானிகளின் அனுபவம் எப்படி இருந்தது?

அந்தப் போரின் விமானிகளைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் விடாமல் படிக்கிறவன் நான். அவர்களில் பில் ரீட் என்பவரின் ஒரே ஓர் இரவைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

ரீட் கிளாஸ்கோ பக்கத்துக்காரர், அப்பா கொல்லர். 1943 நவம்பர் 3 அன்று இரவு ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரைத் தாக்கக் கிளம்பியபோது அவருக்கு வயது 21. அவர் ஓட்டிய லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் போவார்கள், ஆனால் விமானி ஒருவர்தான். துணை விமானி கிடையாது. அவருக்கு ஏதாவது ஆனால் மற்ற ஆறு பேரின் கதி அதோகதிதான்.

டச்சுக் கரையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே ஜெர்மன் சண்டை விமானம் ஒன்று சுட்டது. முன்கண்ணாடி நொறுங்கியது. ரீடுக்குத் தலை, தோள், கை எல்லாம் காயம். விமானத்தை ஒருவழியாக நிலைப்படுத்தியதும், மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுக்கொண்டார். தனக்கு அடிபட்டதைப் பற்றி மூச்சே விடவில்லை. அப்புறம் இன்னொரு விமானம் வந்து முனையிலிருந்து வால் வரை துளைத்துவிட்டுப் போனது. வழி கணிக்கும் நேவிகேட்டர் இறந்தார், வயர்லெஸ் ஆபரேட்டருக்குப் பட்ட காயமும் உயிரை வாங்கியது. ஆக்சிஜன் குழாயும் போனது. கையில் குண்டடி பட்ட இன்ஜினியர் சின்ன சிலிண்டரிலிருந்து ரீடுக்கு ஆக்சிஜன் கொடுத்தார்.

ரீட் திரும்பவில்லை. பாதையை முன்னாலேயே மனப்பாடம் செய்திருந்ததால், மேலும் 50 நிமிடம் ஓட்டி இலக்குக்குப் போய்ச் சேர்ந்தார். மூக்குப் பகுதியில் படுத்திருந்த குண்டு வீசுபவருக்கு இன்டர்காம் செத்துப்போனதால் பின்னால் நடந்த எதுவுமே தெரியாது. விமானம் அவ்வளவு சீராகப் போயிருக்கிறது! எனக்கு இந்த இடம்தான் எப்போது படித்தாலும் உலுக்கும்.

திரும்பும்போது துருவ நட்சத்திரத்தையும் நிலாவையும் வைத்துத் திசை பிடித்தார். உடைந்த கண்ணாடி வழியே குளிர் கொட்டியது, ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. நினைவு தப்பியபோது இன்ஜினியரும் குண்டு வீசுபவரும் விமானத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் ஓடுதளம் தெரிந்ததும் மறுபடி அவரே ஓட்டி, கண்ணில் ரத்தம் வழிய இறக்கினார். சக்கரக் கால் ஒன்று மடங்கிவிட்டது. இதற்காக அவருக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது.

இது விதிவிலக்கான துணிச்சல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆபத்து எல்லோருக்கும் பொதுதான். குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் தன் முதல் பணிச்சுற்றை முடிக்கவே 30 தாக்குதல்கள் போய்வர வேண்டும். நடுவில் மனம் உடைந்து 'இனி முடியாது' என்றவர்களில் பலர் கோழை முத்திரை குத்தப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். அது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

கீழே இருந்தவர்களையும் சொல்லாமல் விட முடியாது. 1943 ஜூலையில் ஹாம்பர்க்கில் மட்டும் பல்லாயிரம் பொதுமக்கள் தீயில் மாண்டார்கள். விமானிகளின் துணிச்சலை மதிப்பதால் அந்தச் சாவுகள் எனக்குச் சின்னதாகிவிடவில்லை.

ரீட் குணமாகி மறுபடி பறந்தார். 1944 ஜூலையில் பிரான்ஸ் மேலே, தங்கள் பக்கத்து விமானம் ஒன்று உயரத்திலிருந்து போட்ட குண்டே அவர் விமானத்தைத் துளைத்தது. பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர், மிச்சப் போர்க்காலத்தை ஜெர்மன் சிறைமுகாமில் கழித்தார். போர் முடிந்து வீடு திரும்பியதும் விவசாயம் படித்து, அந்தத் துறையிலேயே வேலை பார்த்தார்.