சுமோ வீரர்களையும் குயவர்களையும் சந்திக்க

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோக்கியோவில் முதுகலை படிக்கிறேன். ஊர் திரும்ப இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதற்குள் சுமோ வீரர்களையும் மட்பாண்டக் கலைஞர்களையும் நேரில் பார்த்துப் பேச ஆசை. பயிற்சி இல்லங்களுக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அறிமுகம் இல்லாமல் நடக்காது என்கிறார்கள் நண்பர்கள். உண்மைதானா?

எம்., டோக்கியோ

அன்புள்ள எம்.,

பாதி உண்மை. ஹேயா எனப்படும் பயிற்சி இல்லங்கள் பெரும்பாலானவற்றில் தெரிந்தவர் யாராவது சொல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் நிஹோன்பாஷி ஹமாச்சோவில் உள்ள அராஷியோ ஹேயாவுக்குத் தெருப்பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். காலைப் பயிற்சியை நடைபாதையில் நின்றே பார்க்கலாம், கட்டணம் இல்லை.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஜனவரி, மே, செப்டம்பர் போட்டிகள் டோக்கியோவில். மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. ஒவ்வொன்றும் 15 நாள். முடிந்த வாரம் பயிற்சிக்கு விடுமுறை. ஏப்ரல், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பரில் பெரிய வீரர்கள் ஊர் ஊராகச் சுற்றுப்பயணத்தில் இருப்பார்கள். இது தெரியாமல் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். தரவரிசைப் பட்டியலான பன்சுகே பொதுவாகப் போட்டிக்கு 13 நாள் முன், திங்கட்கிழமை வெளியாகும். டோக்கியோ போட்டி வரும்போது, அதற்கும் போட்டிக்கும் நடுவில் போங்கள். அன்று பயிற்சி உண்டா என்று முன்தினமே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இளையவர்கள் விடியலிலேயே தொடங்கிவிடுவார்கள், மூத்தவர்கள் பிறகு வருவார்கள். வெள்ளைக் கச்சை கட்டியவர் மேலிருந்து இரண்டாம் பிரிவான ஜூரியோவோ அதற்கு மேலோ, மற்றவர்களுக்குக் கறுப்பு. ஜெயித்தவர் களத்திலேயே நிற்க, அடுத்து என்னைக் கூப்பிடு என்று எல்லோரும் கத்திக்கொண்டு அவர்மேல் பாய்வார்கள். கடைசியில் ஒருவர் மார்பைக் கொடுத்து நிற்பார்; இன்னொருவர் அவரைக் களத்தின் மறுகரை வரை தள்ள வேண்டும், முடியாவிட்டால் மண்ணில் உருள வேண்டும். முதுகெல்லாம் மண் ஒட்டி, மூச்சு வாங்க எழுந்து திரும்பத் தள்ளுவார். அதைப் பார்க்காமல் கிளம்பிவிடாதீர்கள்.

அறிமுகம் கிடைத்து உள்ளே போனால் பேசக் கூடாது, உள்ளங்கால் களத்தை நோக்கி நீளக் கூடாது, ஃபிளாஷ் கூடவே கூடாது.

பேச வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. போட்டியின் கடைசி நாள் மாலை பல ஹேயாக்கள் விருந்து வைக்கின்றன. 10,000 யென்னோ அதற்கு மேலோ ஆகும். மாணவருக்கு அது பெரிய தொகைதான், ஆனால் வீரர்கள் மேசைக்கு மேசை வந்து பேசுவார்கள், படத்துக்கு நிற்பார்கள். மின்னஞ்சலை விட ஜப்பானிய நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள், பதில் உடனே வரும். மையில் தோய்த்த கைப்பதிவான தெகாத்தாவைத் தரும் உரிமை ஜூரியோவிலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே; கீழ்நிலை வீரரிடம் கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள். போட்டி நாட்களில் டோக்கியோவின் சுமோ அரங்கமான கொக்குகிகான் வாசலில் முன்வரிசை வீரர்கள் மதியம் 2 மணியை ஒட்டி நடந்து வருவார்கள். உச்சநிலை வீரரான யோக்கோசுனாவும் அடுத்த நிலை ஓசெகியும் காரில் நேரே உள்ளே போய்விடுவார்கள். மோதலுக்கு முன் யாரையும் நிறுத்த வேண்டாம். பெயர் சொல்லி ஒரு வாழ்த்து போதும்.

குயவர்களைச் சந்திப்பது இதைவிட எளிது. தோச்சிகி மாவட்டத்து மஷிகோவில் மே தொடக்க விடுமுறையிலும் நவம்பர் தொடக்கத்திலும் மட்பாண்டச் சந்தை நடக்கும். கூடாரங்களில் பலரும் தாங்கள் செய்ததைத் தாங்களே விற்பார்கள். வார நாள் காலையில் போங்கள், நண்பகல் கூட்டத்தில் யாருக்கும் பேச நேரமிருக்காது. கிண்ணத்தை இரு கையாலும் எடுத்துக் கவிழ்த்து அடிவளையத்தைப் பாருங்கள். பார்க்கத் தெரிந்தவர் என்று செய்தவருக்கு அப்போதே புரிந்துவிடும். விலையை விட்டுவிட்டு மெருகைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஊரின் பால்வெள்ளை மெருகு உமிச் சாம்பலில் செய்வது. நெல் விளையும் ஊர்க்காரருக்கு அதுவே பேச்சுக்கு நல்ல தொடக்கம். 1955இல் வாழும் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்ட ஹமதா ஷோஜியின் வீடும் சூளையும் அங்கே அருங்காட்சியகமாக இருக்கின்றன, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்குப் போக விரும்பினால் சந்தை நெரிசலில் கேட்காதீர்கள். சின்னதாக ஒரு கிண்ணம் வாங்கி, பெயரட்டையும் வாங்கி வந்து, ஒரு வாரம் கழித்து ஜப்பானிய மொழியில் நாலு வரி எழுதுங்கள். அந்தக் கிண்ணத்தில் நீங்கள் சாப்பிடும் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.