மூன்றாவது தடவைக்கு முன்னால் அந்த நோட்டைப் பாருங்கள்

என்ன படிக்கலாம் என்று ஆலோசனை கேட்டுப் போன வாரம் ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், துணைக்குப் பெரியப்பா. மகள் மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டாள். "மூணாவது தடவை எழுதட்டும், இல்லேன்னா கடனை வாங்கியாவது ஒரு மெடிக்கல் சீட்டு வாங்கிடலாம்" என்றார் பெரியப்பா. அம்மா அழாத குறை. நானும் வழக்கம்போல "கவலைப்படாதீங்க, வயசு இருக்கு" என்றுதான் ஆரம்பித்தேன். பேச்சுக்கு நடுவே அந்தப் பெண் மடியில் வைத்திருந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஆறுதல் சொல்வதை அதோடு நிறுத்திவிட்டேன்.

பள்ளி ஆய்வகத்தில் ரத்த வகை பார்த்த அன்று எழுதியது: "துளி ஏன் திரிதிரியாகிறது? ஒட்டுவது சரி. ஆனால் எல்லாம் ஏன் ஒரே கூட்டமாகச் சேர்கின்றன?" அதற்குக் கீழே மூன்று பக்கம் படங்கள். பயிற்சி வகுப்பில் கேட்டாளாம். தேர்வுக்கு வராது, விட்டுவிடு என்றார்களாம்.

அம்மா, அப்பா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். மருத்துவம், பொறியியல், கணினி பற்றியெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. சொந்தக்காரர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருப்பார்கள். உங்கள் மகள் கேட்ட கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது: கிளைக்கோபயாலஜி, அதாவது உயிர்களில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைப் பற்றிய படிப்பு. அதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ரத்த வகை ஏ, பி என்று பிரிவதே சிவப்பணுவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதை வைத்துத்தான். அவள் பார்த்த சோதனையில் அதைப் பிடித்தது ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதம். அதே வேலையைச் சில விதைகளின் புரதங்களும் செய்யும். 1888-இல் ஸ்டில்மார்க் என்ற ஆய்வு மாணவர், ஆமணக்கு விதைச் சாறு சிவப்பணுக்களைத் திரளவைப்பதைக் கவனித்தார். இப்படிச் சர்க்கரையை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கு 1954-இல் பாய்டு 'லெக்டின்' என்று பெயர் வைத்தார். தேர்ந்தெடுப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. கொள்ளு விதையின் லெக்டின் ஏ வகைக்குள்ளேயே ஏ1, ஏ2 என்று பிரித்துக் காட்டும்.

இனி அவளுடைய 'ஏன்'. லெக்டினில் சர்க்கரை வந்து உட்காரும் குழி பெரும்பாலும் ஆழமற்றது. சில ஹைட்ரஜன் பிணைப்புகள், சர்க்கரையின் ஒரு முகத்தைத் தாங்கும் வளைய அமினோ அமிலம் ஒன்று, சில லெக்டின்களில் ஒரு கால்சியம் அயனி, அவ்வளவுதான் பிடிமானம். ஒற்றைச் சர்க்கரை வந்தால் பிடித்த வேகத்திலேயே விட்டுவிடும். நாயுருவி விதை துணியில் ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முள் என்றால் தட்டினால் போய்விடும், வேட்டியின் கரை முழுக்க ஏறிவிட்டால் உட்கார்ந்துதான் பிடுங்க வேண்டும். ஒன்று விட்டாலும் மற்றது பிடித்திருக்கும், விட்டது திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

கல்லீரல் செல்லின் மேல் கேலக்டோஸ் என்ற சர்க்கரையைப் பிடிக்கும் ஒரு லெக்டின் உண்டு, ஏற்பி என்பார்கள். பிடிமானத்தை எவ்வளவு செறிவில் பிடிக்கிறது என்று அளப்பார்கள், செறிவு குறைந்தால் பிடி இறுக்கம். அதற்கு ஒற்றைச் சர்க்கரை கொடுத்தால் பிடிமானம் மில்லிமோலார் அளவில் இருக்கிறது. சரியான இடைவெளியில் இரண்டைக் கட்டிக் கொடுத்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோமோலார். மூன்றைக் கட்டினால் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோமோலார். சர்க்கரை மூன்று மடங்கு, பலன் ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு! அதேபோன்ற மூன்று சர்க்கரைக் கொத்தை ஒரு ஆர்.என்.ஏ. துண்டின் வாலில் கட்டிக் கல்லீரலுக்கு அனுப்பும் மருந்துகள் இன்று புழக்கத்தில் இருக்கின்றன. 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவோசிரான் அவற்றில் ஒன்று.

கூட்டம் சேர்வதற்கு இன்னொன்றும் வேண்டும்: லெக்டினுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கை. கான்கனவாலின் ஏ என்ற லெக்டின் உடலின் சாதாரண அமிலநிலையில் நான்கு குழிகளோடு நிற்கும். ஒரு கை இந்தச் செல்லைப் பிடிக்கும், மறு கை அந்தச் செல்லை. அங்கிருந்து வலை விரிகிறது. நம் உடலிலேயே இருக்கும் கேலக்டின்-3 என்ற லெக்டின் இன்னும் சுவாரசியம். தனியாக இருக்கும்போது அதற்கு ஒரே கை. சர்க்கரைகள் நிறைந்த பரப்பைக் கண்டதும் ஐந்து வரை ஒன்றுசேரும். நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் மேல் இந்தக் கேலக்டின் வலை ஏற்பிகளை அங்கங்கே நிறுத்திவைத்து, அவை வீணாகக் கொத்துச் சேராமல் காக்கிறது. சர்க்கரைக் கிளைகளைக் குறைத்த எலிகளில் அந்தக் கட்டுத் தளர்ந்து, செல்கள் சுலபமாகத் தூண்டப்பட்டு, உடலையே தாக்கும் நோய்கள் வந்ததை 2001-இல் காட்டினார்கள்.

"சர்க்கரை படிச்சு என்ன வேலை?" என்றார் பெரியப்பா. சர்க்கரை வியாதி டாக்டரா என்றும் கேட்டார், அதை விடுங்கள். வேலைக் கேள்வி நியாயமானது. 'லெக்டின் நிபுணர் தேவை' என்று விளம்பரம் வராது. ஆனால் ஆன்டிபாடி மருந்துகளில் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றை அளந்து சரிபார்ப்பது தர ஆய்வில் ஒரு முக்கியமான பகுதி. டி.என்.ஏ.யைப் பார்த்துப் புரதம் எழுதுவதுபோல் சர்க்கரைச் சங்கிலிக்கு நேரடி அச்சு கிடையாது. அதனால் அதைச் செய்வதும் அளப்பதும் கடினம். கடினமான வேலை தெரிந்தவருக்கு இடம் இருக்கும்.

பட்டப்படிப்புக்குப் பகட்டான பெயர் வேண்டாம். வேதியியலை முதன்மையாக எடுக்கட்டும், உயிர்வேதியியல் துணைக்கு இருக்கட்டும், புள்ளியியலை விடக் கூடாது. பிணைப்பின்போது வெளிப்படும் வெப்பத்தை அளக்கும் கருவியில் ஒருமுறையாவது அவள் கை பட வேண்டும். அந்த வளைகோட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதித் துறை பிடிபட்டுவிடும். அப்புறம், இது நீண்ட பாதை. முனைவர் பட்டம் இல்லாமல் ஆராய்ச்சியில் மேலே போவது கஷ்டம், அதை மறைத்து உங்களை அனுப்ப மாட்டேன்.

பணத்தில் மட்டும் நான் வளைந்துகொடுக்க மாட்டேன். வீட்டை அடமானம் வைத்து எந்தச் சீட்டும் வாங்காதீர்கள், மருத்துவமானாலும் சரி, நான் சொல்லும் இதுவானாலும் சரி. உதவித்தொகை தராத இடத்தில் முனைவர் ஆய்வில் சேர வேண்டாம். இன்னொன்று. அன்று ஒரு மணி நேரத்தில் நாங்கள் நாலு பேரும் பேசினோம், அவள் பேசவில்லை. சர்க்கரைக் கதையைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து, "நாலு கை இருக்கிற புரதத்தில் இரண்டு கையை எடுத்துட்டா வலை வருமா, சங்கிலி வருமா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் அவளை மட்டும் அனுப்புங்கள். நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். பெரியப்பாவிடம் நான் போனில் பேசிக்கொள்கிறேன்.